கைகளும் கால்களும்: 22ஆம் சங்கீதத்தில் ஒரு பாட ஆராய்ச்சி

எபிரேய வேதத்துச் சங்கீதங்களுள் 22ஆம் சங்கீதம், கிறித்தவத் திருச்சபைகளில் பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு உரியதாகத் தொன்றுதொட்டு ஓதப்பட்டு வருவது. இறைவனால் கைவிடப்பட்டதாக உணரும் ஒருவனது கூக்குரலில் தொடங்கிப் பேரவையின் நடுவே எழும் புகழ்ச்சியில் முடிவது. இதன் நடுப்பகுதியில் மூன்றே சொற்களாலாகிய சிற்றடி ஒன்று உள்ளது. அம்மூன்றனுள் பின்னிரண்டும் கைகளையும் கால்களையும் குறித்தலில் எவர்க்கும் ஐயமில்லை. முதற்சொல் யாது என்பதிலேயே பல நூற்றாண்டுகளாக வழக்கு நிகழ்ந்து வருகின்றது. எபிரேயப் பதிப்புகள் பாட்டின் தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணுதலின் அவற்றில் இது 17ஆம் வசனம். தமிழ்ப் பதிப்புகளில் 16ஆம் வசனம். எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பிலோ சங்கீதத்தின் எண்ணே 21 ஆகிவிடும். மூலங்களைத் தேடிச் செல்லும் மாணவர் இவ்வெண் வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இன்று அச்சிடப்படும் எபிரேயப் பதிப்புகளில் அம்முதற்சொல் 'காஅரீ' என உள்ளது. அது 'சிங்கத்தைப் போல' எனப் பொருள்படும். அங்ஙனமாயின் அடியில் வினையே இல்லை. பகைவர் சிங்கத்தைப் போலக் கைகளையும் கால்களையும் என்ன செய்தனர்? கவ்வினரா, கிழித்தனரா, சூழ்ந்தனரா? சொல் எஞ்சி நிற்கின்றது. சொல்லெச்சம் என்று கொண்டு வருவித்து முடிப்பதற்கும் முன்பின் உள்ள தொடர்களில் வாய்ப்பான வினை அமையவில்லை. ஆயின் இறுதியிலுள்ள 'யோத்' என்னும் எழுத்துக்கு மாறாக 'வாவ்' என்னும் எழுத்தைக் கொண்டால் 'காஅரூ' என்றாகும். 'ஊ' என்னும் ஈறு எபிரேயத்தில் இறந்தகாலப் படர்க்கைப் பன்மை வினைமுற்றுக்கு உரியது. எனவே வினை கிடைத்துவிடும். இவ்விரண்டு எழுத்துகளும் பழைய கையெழுத்தில் காலின் நீளத்தால் மட்டுமே வேறுபடுவன. எழுதுவோர் கை சற்றே நீண்டால் யோத் வாவ் ஆகும், சற்றே குறுகினால் வாவ் யோத் ஆகும். நம் ஏட்டுச்சுவடிகளில் ரகரத்தையும் காலையும் வேறு பிரித்தறிய இயலாது பதிப்பாசிரியர் இடர்ப்பட்டதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று.

ஆக, ஒரு கோட்டின் நீளம்பற்றியதே வழக்கு. ஆயினும் அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை பெரிது. 'துளைத்தனர்' என்று கொண்டால் இயேசு பெருமானின் சிலுவைப்பாடு நூற்றாண்டுகளுக்கு முன்னரே சொல்லாற் சுட்டப்பட்டதாகும். 'சிங்கம்' என்று கொண்டால் அச்சுட்டு மறைந்துபோகும். இதனால் கிறித்தவ வாதிகள் பலர், யூதர் வேண்டுமென்றே எழுத்தை மாற்றிவிட்டனர் என்று பழி சுமத்தினர். அப்பழி வெறும் ஏட்டுச் சண்டையாக நின்றுவிடவில்லை. யூதருடைய நூல்கள் பொய் நிறைந்தவை என்னும் எண்ணம் வேரூன்றிய சூழலிலேதான் 1242இல் பாரிசு நகரில் தல்மூத்துப் படிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரிக்கப்பட்டன. அவ்வெரிப்புக்கு இவ்வடி காரணமன்று. எனினும் ஒரு மக்கள் தம் வேதத்தைத் தாமே கெடுத்தனர் என்னும் குற்றச்சாட்டை எளிதாக எடுத்தாள்வோர், அஃது எத்தகைய தோழமையில் வளர்ந்தது என்பதை மறத்தலாகாது. எனவே கிறித்தவ நோக்கில் இவ்வடியை ஆராயப் புகும் நாம் முதற்கண் சான்றுகளைச் சான்றுகளாகவே கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

காலத்தால் முந்திய சான்று எழுபதின்மர் மொழிபெயர்ப்பு. கிறித்து பிறப்பதற்கு முன்னரே யூதர்களால் யூதர்க்காகச் செய்யப்பட்ட அது, இவ்விடத்தில் 'தோண்டினர்' எனப் பொருள்படும் 'ஓரிக்சன்' என்னும் கிரேக்க வினையைத் தருகின்றது. இதே வினையை அம்மொழிபெயர்ப்பு 7ஆம் சங்கீதத்திலும் 57ஆம் சங்கீதத்திலும் குழி தோண்டுதலைச் சொல்லுமிடத்து ஆள்கின்றது. அவ்விரண்டிடத்தும் எபிரேயத்தில் உள்ள வினை 'காரா' என்பது. ஆகவே நம் அடியிலும் அம்மொழிபெயர்ப்பாளர் 'காரா'வின் பன்மை வடிவாகிய 'காரூ'வையோ அதனை ஒத்த ஒன்றையோ கண்டார் என்று கொள்ளுதல் பொருத்தமுடையது. இங்கு மறைக்கலாகாத தடை ஒன்றும் உண்டு. எழுபதின்மர் சங்கீதங்களின் முழுப்படிகளாக நமக்குக் கிடைப்பவை கிறித்தவர் கையில் வழங்கியவை. எனினும் கிறித்தவ எழுத்தர் ஒருவர் புகுத்த விரும்பியிருந்தால் 'தோண்டினர்' என்னும் முரட்டுச் சொல்லைத் தேர்ந்திருப்பாரா என்பது எண்ணத்தக்கது. ஆணியைக் கருதிய எவரும் 'துளைத்தனர்', 'அறைந்தனர்' என்று எழுதுவரேயன்றித் 'தோண்டினர்' என்று எழுதார்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எபிரேயத்தைச் சொல்லுக்குச் சொல் கிரேக்கமாக்கிய அக்கிலா யூத நெறியினர். கிறித்தவர் எழுபதின்மர் மொழிபெயர்ப்பைத் தமதாக்கிக்கொண்ட பின்னர் யூதர் விரும்பி ஏற்றது அவரது மொழிபெயர்ப்பே. கிறித்தவர்க்கு எதிராகச் 'சிங்கம்' புகுத்தப்பட்டிருந்தால் அஃது அவரிடம் காணப்படவேண்டும். அவரிடம் சிங்கம் இல்லை. அவர் மொழிபெயர்ப்பின் ஒரு வடிவில் 'சிதைத்தனர்' என்றும், திருத்திய வடிவில் 'கட்டினர்' என்றும் உள்ளன. சிம்மாக்கு என்பார் 'கட்டத் தேடுவோரைப் போல' என்றார். அஃதாவது, முதலில் 'போல' என்னும் உருபையும் பின்னர் ஒரு வினையையும் ஒருங்கே காண முயன்றார். இவருக்கும் எழுத்து ஐயமாகவே இருந்தது என்பது இதனால் தெரிகின்றது. எபிரேயத்திலிருந்து நேரே இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், கிரேக்கத்தைத் தழுவிய தம் முந்திய சங்கீத நூலில் 'தோண்டினர்' என்று வைத்திருந்ததை விடுத்துக் 'கட்டினர்' என்று பெயர்த்தார். அவ்விடத்தும் சில படிகள் 'குத்தினர்' என்னும் பொருளுடைய சொல்லைக் காட்டும். இலத்தீனில் அவ்விரு சொற்களும் சில எழுத்துகளாலேயே வேறுபடுவன. பெசித்தா என்னும் சிரியாக்கு மொழிபெயர்ப்பு துளைத்தற் பொருளுடைய வினையைத் தரும்.

சிங்கத்தின் பக்கத்துச் சான்றுகளும் எளியவை அல்ல. அரமேயத் தார்கும், சிங்கத்தை வைத்துக்கொண்டு 'கடித்தல்' என்னும் வினையையும் சேர்த்துப் பொருளை நிரப்புகின்றது. சிங்கம் தனித்து நின்று பொருள் தராமையை அதன் ஆசிரியரே உணர்ந்தார் என்பதற்கு அவ்வினையே சான்று. பதினோராம் நூற்றாண்டின் பேருரையாளர் ராசி, ஏசாயா 38ஆம் அதிகாரத்தில் எசேக்கியா அரசன் தன் நோயைச் சிங்கம் எலும்பு முறித்தலுக்கு ஒப்பிட்டதைக் காட்டி, சிங்கத்தின் வாயில் நொறுங்கிய கைகால்கள் என்று உரை கண்டார். ஆழ்ந்த உரையே, ஆயினும் எலும்பை முறித்தல் என்னும் வினை ஏசாயாவில் வெளிப்பட உண்டு, இங்கு இல்லை. மசோரா என்னும் ஓரக்குறிப்பு தரும் செய்தி இன்னும் சுவையானது. 'காஅரீ' என்னும் வடிவம் இவ்வுயிர்க்குறியோடு வேதத்தில் இருமுறையே வருகின்றது என்றும், அவ்விரண்டும் இருவேறு பொருளன என்றும் அது கூறும். மற்றோரிடம் ஏசாயாவின் அப்பகுதியே; அங்கே சிங்கம் என்பது தெளிவு. எனவே இங்கு அச்சொல் சிங்கமன்று என்றோர் எண்ணம், எபிரேய வேதத்தை எழுத்தெழுத்தாக எண்ணிக் காத்த பெருமக்களிடமே வழங்கியதென அறிகின்றோம். எழுத்தை மாற்றாது வைத்துக்கொண்டே ஐயத்தை ஓரத்தில் குறித்த அந்நேர்மைக்கு முன், பொய்ப்பாடம் புனைந்தோர் என்னும் பழி நிற்குமாறு இல்லை.

1008ஆம் ஆண்டைச் சேர்ந்த லெனின்கிராடு முழுப்படியில் சிங்கம் உள்ளது. அதனினும் பழைமையும் சிறப்பும் வாய்ந்த அலெப்போப் படியை நோக்கலாம் என்றால், 1947ஆம் ஆண்டுக் கலகத்துக்குப் பின் அதில் பல ஏடுகள் இல்லை. 15ஆம் சங்கீதம் முதல் 25ஆம் சங்கீதத்தின் தொடக்கம் வரையுள்ள பகுதி அவ்விழப்பில் அடங்கும்.

சாக்கடலின் மேற்கே நகால் எவேர் என்னும் பள்ளத்தாக்கில் கிடைத்த தோற்சுருள் துண்டுகளுள் இச்சங்கீதத்தின் பகுதி ஒன்று உள்ளது. எழுத்தமைதியால் கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பாதியதெனக் கணிக்கப்படும் அது, யூதேயப் பாலைவனக் கண்டெடுப்புகள் என்னும் வரிசையின் 38ஆம் தொகுதியில் 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் 'காஅரூ' என்றே பதிப்பித்தோர் படித்துள்ளனர். லெனின்கிராடு படியினும் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு முந்திய எபிரேயச் சான்று வினையின் பக்கம் நின்றது. இச்செய்தி வெளிவந்ததும் வழக்கு முடிந்ததென்று மகிழ்ந்தோர் உளர். நாம் அத்துணை விரைதற்கில்லை. அதே எழுத்தர், அடுத்த சொல்லில் 'என் கைகள்' என்று வரவேண்டிய இடத்தில் ஓரெழுத்தைக் கூட்டி 'அவளுடைய கைகள்' என்று எழுதியுள்ளார். தெளிவான பிழை. பக்கத்துச் சொல்லிற் பிழைத்த கையை இச்சொல்லில் மட்டும் பிழையாக் கையென்று கொள்ளுதல் யாங்ஙனம்? ஆயினும் கிரேக்கமும் அக்கிலாவும் ஜெரோமும் வெவ்வேறு வழியில் ஒரு வினையையே காட்ட, இத்துண்டும் அவற்றோடு சேர்ந்து நிற்றலின், தொடக்கத்தில் அங்கு நின்றது வினைமுற்றே என்பது நம் துணிபு.

பாட்டின் உள்ளமைப்பும் இத்துணிபுக்குத் துணை செய்கின்றது. துன்புறுவோனைச் சூழும் பகைவர் மூன்று விலங்குருவில் அடுத்தடுத்துத் தோன்றுகின்றனர்: முதலில் பாசான் நாட்டுக் காளைகள், அடுத்துச் சிங்கம், பின்னர் நாய்கள். விடுதலை வேண்டும் பகுதியில் வாளைச் சொன்ன பின் நாய், சிங்கம், காட்டெருது என அதே விலங்குகள் தலைகீழாக வருகின்றன. ஏறிய படிகளில் இறங்கி வருதல் போன்ற இவ்வமைப்பில் நாய்க்குப் பின்னர் மற்றுமொரு சிங்கம் இடையிற் புகுதற்கு இடமில்லை. அன்றியும் மற்ற இரண்டிடத்தும் சிங்கத்தைக் குறிக்கும் சொல் 'அர்யே' என்பது. இங்குமட்டும் 'அரீ' என வேறு வடிவம் வருதல் எவ்வாறு?

வினை என்று துணிந்தபின் அவ்வினை யாது என்னும் வினா எழுகின்றது. இங்கேதான் கிறித்தவ வாசகர் பலர் கால் தடுக்கி வீழ்வர். 'காஅரூ' என்னும் எழுத்தமைப்போடு நேரே பொருந்தும் வினைப்பகுதி எபிரேய வேதத்தில் வேறெங்கும் இல்லை. நடுவிலுள்ள ஆலெப்பு என்னும் எழுத்தை மிகையெனக் கொண்டு 'காரா'வோடு பொருத்தினால் 'தோண்டினர்' என்றாகும். ஆனால் 'காரா' நிலத்தைத் தோண்டுதற்கு உரியது: குழி, கிணறு, கல்லறை ஆகியவற்றோடு வருவது. உடலைத் துளைத்தற் பொருளில் அது வேறெங்கும் ஆளப்படவில்லை. 40ஆம் சங்கீதத்தில் செவிகளோடு அது வருகின்றது உண்மை. ஆயினும் அங்கே இறைவன் செவியைக் கேட்குமாறு அகழ்ந்து அமைத்தல் பொருளேயன்றிக் காயம் பொருளன்று. இவ்விடர்ப்பாட்டினால் அறிஞர் வேறு வழிகளைத் தேடினர். 1973இல் ராபர்ட்ஸ் என்பார் அக்காதிய மொழியிலும் சிரியாக்கிலும் 'குறுகுதல்' என்னும் பொருளுடைய இனச்சொல் ஒன்றைக் காட்டி, கைகளும் கால்களும் சுருங்கிப்போயின என்று உரைத்தார். 1989இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பு ஒன்று இக்கருத்தைத் தழுவியது. 1997இல் வால் என்பார், 'அசரூ' என்னும் சொல் எழுத்து இடம்மாறிச் சிதைந்தது என்றும், தொடக்கத்தில் 'கட்டினர்' என்பதே இருந்தது என்றும் கருதினார். அக்கிலாவும் சிம்மாக்கும் ஜெரோமும் அவருக்குத் துணை.

இவற்றுள் சுருங்குதல் என்னும் உரைக்கு ஒரு நயம் உண்டு. முன்னுள்ள வசனங்களில் அவன் நீராய் வடிகின்றான். அவன் நெஞ்சு மெழுகாய் உருகுகின்றது. வலிமை ஓடுபோற் காய்ந்துவிட்டது. பின்னுள்ள வசனத்தில் தன் எலும்புகளைத் தானே எண்ணத்தக்க நிலை. நடுவில் கைகால்கள் வற்றிச் சுருங்கின என்றால் நோயுற்ற உடலின் ஓவியம் இடையறாது செல்லும். ஆனால் எபிரேயத்தின் உள்ளிருந்து சான்று இல்லாத சொல்லை அயல்மொழியிலிருந்து வருவித்தல் நமக்கு அத்துணை உடன்பாடன்று. 'கட்டினர்' என்பதோ எழுத்துகளை இருமுறை மாற்றினாலன்றிக் கிடையாது. 'தோண்டினர்' என்பது கரடுமுரடானது. எனினும் உள்ள எழுத்துகளுக்கு அணியது, சான்றிற் பழையது. நாய்கள் சூழ்ந்து பற்களால் கைகால்களைக் குதறித் தோண்டுதல் என்று கொண்டால் உவமை தொடர்ச்சியும் பெறும்.

இனி, கிறித்தவ விளக்கத்துக்கு இவ்வடி எத்துணை இன்றியமையாதது என்பதைப் புதிய ஏற்பாட்டையே கேட்டுக் காண்போம். இச்சங்கீதத்தின் முதலடியை மாற்குவும் மத்தேயுவும் சிலுவையில் ஒலித்த குரலாகத் தருகின்றனர். தலையசைத்து ஏளனம் செய்தல், ஆடையைப் பங்கிட்டுச் சீட்டுப்போடுதல் ஆகியவை சிலுவையடியிற் காட்டப்படுகின்றன. பேரவையிற் புகழ்தலை எபிரேயர்க்கு எழுதிய நிருபம் எடுத்தாள்கின்றது. கைகளையும் கால்களையும் பற்றிய இவ்வடியை மட்டும் ஒருவரும் எடுத்தாளவில்லை. லூக்கா 24ஆம் அதிகாரத்தில் உயிர்த்த பெருமான் கைகளையும் கால்களையும் காட்டுதலில் இதன் எதிரொலியைச் சிலர் கேட்பர். இருக்கலாம், மேற்கோள் அன்று.

யோவான் செய்தது மிகவும் கருதத்தக்கது. தம் சுவிசேடத்தின் 19ஆம் அதிகாரத்தில் ஆடைப் பங்கீட்டைச் சொல்லுமிடத்து இதே சங்கீதத்தை வெளிப்படையாகச் சுட்டுகின்றார். எனவே இது அவர் கைக்கெட்டிய பாட்டு. அதே அதிகாரத்தின் இறுதியில் குத்தப்படுதலுக்கு வேத ஆதாரம் வேண்டியபோது, இரண்டு வசனமே முன்னுள்ள இவ்வடியை விடுத்துச் சகரியா தீர்க்கரின் 12ஆம் அதிகாரத்துக்குச் செல்கின்றார். ஈட்டி விலாவிற் பாய்ந்ததாகலின் கைகால்களைப் பற்றிய அடி அங்கே பொருந்தாது என்று விடை கூறலாம், ஓரளவு உண்மையே. எனினும் ஆணித் தழும்புகளைப் பேசும் 20ஆம் அதிகாரத்திலும் அவர் இதனை நாடவில்லை. சிலுவைப்பாட்டை இச்சங்கீதத்தின் ஒளியிலே கண்ட முதல் தலைமுறையினர்க்கு இவ்வடி ஆணியைச் சொல்வதாகத் தோன்றவில்லை என்பதே இம்மௌனத்துக்கு ஏற்ற விளக்கம்.

ஆணியை இவ்வடியில் முதன்முதல் வெளிப்படக் காண்போருள் ஒருவர் இரண்டாம் நூற்றாண்டின் மறைச்சாட்சி யுஸ்தீன். திரிபோ என்னும் யூதரோடு நிகழ்த்திய உரையாடலாக அவர் எழுதிய நூலில் இச்சங்கீதத்துக்கு நீண்ட விளக்கம் உண்டு. அந்நூலின் 72, 73ஆம் அதிகாரங்களில், யூதர் வேதத்திலிருந்து நீக்கியவை என்று சில தொடர்களை அவர் பட்டியலிடுகின்றார். 96ஆம் சங்கீதத்தில் ஆண்டவர் மரத்திலிருந்து ஆளுகின்றார் என்னும் பொருள்பட வரும் தொடர் அவற்றுள் ஒன்று. அது எந்த எபிரேயப் படியிலும் இல்லை. கிறித்தவர் சேர்த்த சொல் என்பதே இன்றைய ஆராய்ச்சி முடிபு. குற்றஞ்சாட்டியவரின் கையிலேயே இடைச்செருகல் இருந்தது. நமக்கு வேண்டுவது மற்றொன்று: அப்பட்டியலில் 22ஆம் சங்கீதத்தின் இவ்வடி இல்லை. திரிபோவின் முன்னிலையில் அதனைத் தயக்கமின்றி எடுத்துரைக்கின்றார். பாடம் பற்றிய தடை எதுவும் அங்கு எழவில்லை. எனவே இவ்வடி திருத்தப்பட்டது என்னும் குற்றச்சாட்டு, குற்றஞ்சாட்டுவதில் முந்தி நின்றவரிடமும் காணப்படாத பிற்காலப் புனைவு.

இனித் தமிழ் மொழிபெயர்ப்புகளை நோக்குவோம். திருச்சபைகளில் நெடுங்காலம் பயின்றுவரும் தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் குத்துதல் என்னும் வினையைத் தந்து, அதற்கு 'உருவ' என்னும் அடையையும் கூட்டியுள்ளது. உருவுதல் ஊடுருவிச் செல்லுதல். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் அவ்வடைக்கு ஈடான சொல் இல்லை. கல்வாரியின் ஆணி மொழிபெயர்ப்பாளரின் கண்முன் நின்று அச்சொல்லை எழுதுவித்தது என்றே கருதுகின்றோம். ஓசையால் இனிய தொடர், பத்தியிற் பிறந்த தொடர். ஆயினும் பாடத்தில் உள்ளதற்கு மேற்பட்ட தொடர். இன்னும் ஒன்று: அதே எபிரேய வினை 7ஆம் சங்கீதத்தில் குழியை 'வெட்டுதல்' என்றும், 40ஆம் சங்கீதத்தில் செவியைத் 'திறத்தல்' என்றும் அப்பதிப்பில் வருகின்றது. தமிழில் மட்டும் பயிலும் மாணவர் இம்மூன்றும் ஒரே வினையாதல் கூடும் என்பதை அறிய வழியில்லை. இவ்வடியின் இடர்ப்பாடும் அவர் கண்ணுக்குத் தோன்றாது.

தமிழில் இம்மூன்றிடத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் சொல் ஒன்று உண்டு. அது 'குடைதல்'. கிணற்றையும் பாறையையும் குடைகின்றோம். காது குடைதல் அன்றாட வழக்கு. வண்டு மரத்தையும் பழத்தையும் குடையும். நோவு கைகால்களைக் குடைகின்றது என்பது முதியோர் வாயில் நாள்தோறும் கேட்பது. ஊறுபாட்டையும் உள்நோவையும் அகழ்தலையும் இச்சொல் ஒருங்கே தாங்குதலின், எபிரேயத்தின் ஐயம் தமிழிலும் ஐயமாகவே நிற்க இடமுண்டு. சிலுவையை எண்ணி ஓதுவோர்க்கும் அது தடையாகாது. வருங்காலத் திருத்தப் பதிப்பில் 'குடைந்தனர்' என்று வைத்து, எபிரேயப் படிகளில் சிங்கத்தைப் போல என்றும், பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் கட்டினர் என்றும் பாடம் உண்டு என அடியில் இரண்டு வரிக் குறிப்பு அமைத்தல் வேண்டும்.